காட்டுக்குள் ஒரு சிறுவர் பூங்கா: அனுமதிப்பது யார், கட்டுவது எவ்வளவு, பராமரிப்பது யார்?

வனத்துறையின் கையில் இருக்கும் சிறுவர் பூங்கா ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, அதை இத்தனை கோடியில் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததுமே ஒரு சண்டை கிளம்பிவிடும். "காட்டுக்குள் எதற்கு சிமென்ட்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "பிள்ளைகளை மாலுக்குத்தான் கூட்டிப்போக வேண்டுமா? இதையும் தடுக்கிறீர்களே!" என்று இன்னொரு தரப்பு கேட்கும். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிலம் சட்டப்படி என்னவாக இருக்கிறது, அதில் எதைச் செய்ய யாருடைய கையெழுத்து வேண்டும், திறப்பு விழா முடிந்த நாலாவது வருடம் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மாற்றுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் பார்க்காமல் போடும் சண்டை அது.

சென்னை கிண்டி சிறுவர் பூங்காவை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி, சுமார் 22 ஏக்கரில், சர்தார் படேல் சாலையோரம் இருக்கும் இந்தப் பூங்கா சுமார் 30 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினால் திறந்துவைக்கப்பட்டது. இதே போன்ற இடங்கள் வேறு ஊர்களிலும் உண்டு. வேலூருக்கு அருகே ஜவ்வாது மலைக் காட்டில் அமிர்தி, சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி, மும்பையில் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பொழுதுபோக்குப் பகுதி. இடம்தான் வேறு, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், எந்த வகைக் காடு?

"பாதுகாக்கப்பட்ட காடு" என்று செய்தியில் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரே பொருள் கிடையாது. நான்கு அடுக்குகள் இருக்கின்றன. ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று அடுக்குகள் சேர்ந்தும் இருக்கலாம்.

1. காப்புக்காடு. அரசு அறிவிக்கை மூலம் எல்லை குறித்து ஒதுக்கிய காடு. வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாமே இங்கே தடை. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்துக்கென்று போட்ட அந்தச் சட்டம்தான் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

2. பாதுகாக்கப்பட்ட காடு. 1927 இந்திய வனச் சட்டத்தின் 29-வது பிரிவின் கீழ் வருவது. வட மாநிலங்களில் அதிகம். காப்புக்காட்டுக்குத் தலைகீழ்: வெளிப்படையாகத் தடுக்கப்பட்டவை தவிர மற்றவற்றுக்கு இடம் உண்டு. பெயரைக் கேட்டால் இதுதான் கூடுதல் பாதுகாப்பு உள்ளது போலத் தோன்றும். உண்மையில் காப்புக்காட்டை விட ஒரு படி கீழே.

3. தேசியப் பூங்கா, சரணாலயம் முதலியவை. இவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தேசியப் பூங்காதான் இருப்பதிலேயே இறுக்கம். 35-வது பிரிவின்படி, காட்டுயிரின் வாழிடத்தைச் சேதப்படுத்துவதோ, அங்கே வரும் நீரோட்டத்தைத் திருப்பிவிடுவதோ கூடாது. தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியையும், தேசிய வனவிலங்கு வாரியத்தைக் கலந்து, அந்தக் காட்டுயிரின் நலனுக்கு இது தேவைதான் என்று மாநில அரசு நிறைவடைந்த பிறகே கொடுக்க முடியும். பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் பார்வையில் காரணமே இல்லை.

4. சூழல் உணர்திறன் மண்டலம். தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே சுற்றி வரையும் பட்டை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. காட்டை ஒட்டிய நிலத்தில் எது கூடும், எது கூடாது என்பதை இது தீர்மானிக்கிறது.

ஆகவே, "காட்டுக்குள்ளா, காட்டை ஒட்டியா" என்பது வெறும் வார்த்தை வித்தியாசம் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சறுக்குமரம் வைப்பதற்கும் அந்தப் பக்கம் வைப்பதற்கும் இடையில் ஒரு தேசிய வாரியமே உட்கார்ந்திருக்கிறது.

கிண்டி எப்படிச் சுருங்கியது

கிண்டியில் காட்டைத் தின்றது வீட்டுமனை வியாபாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் யாரும் மறுக்க முடியாத ஒரு நல்ல காரணம்தான் தின்றது.

17-ஆம் நூற்றாண்டில் கவர்னர் வில்லியம் லாங்ஹார்ன் இங்கே ஒரு தோட்ட மாளிகை கட்டினார். 1821-இல் அரசு அதை வாங்கி ஆளுநரின் ஓய்வில்லமாக்கியது. சுற்றியிருந்த காடு ஒரு காலத்தில் 505 ஹெக்டேர். 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1958-இல் அதில் ஒரு பகுதி ஐ.ஐ.டி. அமைப்பதற்காக மத்திய கல்வி அமைச்சகத்துக்குப் போனது. அதே ஆண்டு, அப்போதைய பிரதமர் நேருவின் யோசனைப்படி இன்னொரு பகுதி வனத்துறைக்கு மாற்றப்பட்டு மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் உருவாயின. 1970-களின் நடுவில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடம் கட்ட நிலம் எடுக்கப்பட்டது. மிச்சமிருந்த காடு 1978-இல் தேசியப் பூங்காவானது. இன்றைய பரப்பு சுமார் 270 ஹெக்டேர், அதாவது பழைய காட்டில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் தேசியப் பூங்காவுக்கும் பக்கத்திலிருக்கும் ராஜ்பவன், ஐ.ஐ.டி. வளாகங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியதும், புள்ளிமான் கூட்டம் மூன்று துண்டாகப் பிரிந்தது.

கல்லூரி, நினைவிடம், சிறுவர் பூங்கா: எதைத் தவறு என்று சொல்வது? இதில் கவனிக்க வேண்டியது, சிறுவர் பூங்கா காட்டுக்குப் பின்னால் வந்த ஆக்கிரமிப்பு இல்லை என்பது. தேசியப் பூங்கா அறிவிப்புக்கு 20 ஆண்டுகள் முன்பே அது அங்கே இருக்கிறது. அதனால் அதை மூடிவிட்டு நிலத்தைக் காட்டுக்குத் திருப்பிக்கொடு என்ற வாதம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதே சமயம், பக்கத்தில் மிஞ்சியிருக்கும் 270 ஹெக்டேர் இப்படித்தான், ஒவ்வொரு நல்ல காரணமாக விட்டுக்கொடுத்துத்தான் மிஞ்சியது என்பதையும் மறக்கக் கூடாது. புதுப்பிப்பு பழைய எல்லைக்குள் நிற்கிறதா என்பதே முதல் சோதனை.

ஏன் இந்தப் பூங்காக்கள் பாழாகின்றன?

பணம் ஒதுக்கவில்லை என்பதுதான் வழக்கமான பதில். பாதிதான் சரி. அவ்வப்போது பணம் வரத்தான் செய்கிறது, ஆனால் வரும் விதத்தில்தான் கோளாறு.

1. மூலதனச் செலவும் பராமரிப்புச் செலவும் வேறு வேறு தலைப்பு. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு அறிவிப்பு வரும், டெண்டர் வரும், கல்வெட்டு வரும். ஊஞ்சலின் கொக்கியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அது அலுவலகச் செலவினத்தில் கெஞ்சி வாங்க வேண்டிய தொகை. முதலாவது கோடிக்கணக்கில் கிடைக்கும், இரண்டாவது ஆயிரக்கணக்கில்கூட இழுபறி.

2. வனத்துறையின் வேலை அது இல்லை. வனக்காப்பாளருக்கும் வனச்சரகருக்கும் கொடுக்கும் பயிற்சி தீத்தடுப்பு, வேட்டைத் தடுப்பு, விலங்குக் கணக்கெடுப்பு. சீசாவின் அச்சு தேய்ந்திருக்கிறதா, சறுக்குமரத்தின் ஃபைபர் விளிம்பு பிளந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆள் அந்தப் பணியிடப் பட்டியலிலேயே கிடையாது. துருப்பிடித்ததைத் தினக்கூலி ஆள் கம்பியால் கட்டி வைப்பார். அப்புறம் ஒரு பிள்ளைக்குக் காயம் படும், "பழுது" என்று பலகை தொங்கும், பலகையே நிரந்தரமாகிவிடும்.

3. காற்றும் மரமும். கிண்டியிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் குழாய் நிற்காது. மேலே மரக்கவிகை, அதிலிருந்து விழும் இலையும் காயும் பறவை எச்சமும் ஈரமாகவே படிந்து கிடக்கும். மாநகராட்சிப் பூங்காவுக்குப் போட்ட அதே விவரக்குறிப்பைக் காட்டுக்கும் போட்டால் மூன்று மழையில் வெல்டிங் மூட்டு ஓட்டையாகிவிடும்.

4. புயல். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது கிண்டியில் மரங்கள் கூட்டமாக விழுந்தன. காட்டுக்குள் மரம் விழுவது இயற்கை. விழுந்த மரம் அங்கேயே மக்கினால் காட்டுக்கு நல்லது. விளையாட்டுச் சாமான் மேல் விழுந்தால் அது செலவு. காட்டுப் பகுதிப் பூங்காவின் செலவுக் கணக்கில் புயலுக்கு ஒரு வரி இருந்தே ஆக வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை.

போரிவலியில் இது கண் முன்னால் நடந்தது. அந்தத் தேசியப் பூங்காவின் பொழுதுபோக்குப் பகுதியில் 1970-களிலிருந்து 'வனராணி' என்ற குட்டி ரயில் ஓடியது. மும்பையில் வளர்ந்த இரண்டு தலைமுறைக்கு அதுதான் பூங்காவின் அடையாளம். 2021 மே மாதம் டவ்தே புயலில் தண்டவாளம் சேதமாகி ரயில் நின்றது. ஆண்டுக்கணக்கில் நின்றது. பூங்காவின் கவர்ச்சி முழுவதையும் ஒரே ஒரு இயந்திரத்தின் மேல் ஏற்றி வைத்தால், அது நிற்கும்போது எல்லாம் நின்றுவிடும். மரத்தடியும் மணல்மேடும் அப்படிப் பழுதாவதில்லை.

அனுமதிச் சங்கிலி

சரி, புதுப்பிக்க முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு எங்கெங்கே போக வேண்டும்?

முதல் கேள்வி, நிலம் சட்டப்படி 'காடு'தானா என்பது. இங்கே ஒரு முக்கியமான வழக்கு வருகிறது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, ஆவணத்தில் காடு என்று இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் அகராதிப் பொருளில் காடாக இருந்தாலும் சரி, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றது. யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியமில்லை. கூடலூரில் தொடங்கிய அந்த ஒரு மனு நாடு முழுவதுக்குமான வன வழக்காக இன்றும் முடிவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த 1980 சட்டத்தின்படி, காட்டு நிலத்தைக் காடு சாராத காரியத்துக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். வேலி, தீத்தடுப்புக் கோடு, சோதனைச் சாவடி போன்றவை காட்டைப் பராமரிக்கும் வேலைகள் என்பதால் விலக்கு. 2023-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், பெயரையும் இந்தியில் மாற்றினார்கள். விலக்குப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றில் இரண்டு: தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றுக்கு வெளியே உள்ள காட்டில் அரசு நடத்தும் உயிரியல் பூங்காவும் சஃபாரியும், மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகள். அதாவது, இவை இனிமேல் 'காடு சாராத காரியம்' இல்லை.

கதவு நன்றாகவே திறந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு (தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றுக்கு) வெளியே உள்ள காட்டில் அரசு உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைக்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்த மாதமே, உத்தராகண்ட் கார்பெட் புலிகள் காப்பகத்தில் பாக்ரோ என்ற இடத்தில் சஃபாரிக்காக மரங்களை வெட்டி விதிமீறிக் கட்டிய விவகாரத்தில், முன்னாள் வனத்துறை அமைச்சரையும் அதிகாரி ஒருவரையும் அதே நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. 'சூழல் சுற்றுலா' என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தீர்ப்பு நல்ல மருந்து.

இதில் 'புதிதாக அமைப்பது' வேறு, 'இருப்பதைப் புதுப்பிப்பது' வேறு. பழைய கட்டடத்தின் கூரையை மாற்ற மத்திய அரசு வரை போக வேண்டியதில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் புதுப்பிப்பு என்று எழுதிவிட்டுத் தரையில் புதிய கட்டடம் எழுப்புவது நம் ஊரில் புதுமை இல்லையே. அளவுகோல் ஒன்றுதான்: கட்டடத்தின் தரைப்பரப்பு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?

கூண்டு இருந்தால் இன்னொரு ஆணையம்

சிறுவர் பூங்கா என்றதும் நாம் ஊஞ்சலை நினைக்கிறோம். கிண்டி, அமிர்தி, குரும்பப்பட்டி மூன்றிலும் ஊஞ்சலோடு விலங்குகளும் உண்டு. பொதுமக்கள் பார்க்க விலங்குகளை அடைத்து வைத்திருக்கும் எந்த இடமும், எவ்வளவு சின்னதானாலும், சட்டப்படி உயிரியல் பூங்காதான். அதனால் 1992-இல் உருவான மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என்று ஆணையம் தரம் பிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் பிளான் வேண்டும், விலங்கு மருத்துவ வசதி வேண்டும், வாரத்தில் ஒரு நாள் பார்வையாளருக்கு மூட வேண்டும். கிண்டியில் அந்த நாள் செவ்வாய்.

புதுப்பிக்கும்போது இங்கேதான் இழுபறி வரும். விளையாட்டுப் பகுதி கலகலப்பாக, சத்தமாக இருக்க வேண்டும். கூண்டுப் பகுதி அமைதியாக இருக்க வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதை மட்டுமல்ல, தீனி போடுவதையும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. பத்து வயதுப் பையன் சறுக்கிக் கீழே வரும்போது கத்தாமல் இருப்பானா? கத்தத்தான் வேண்டும். அதற்குப் பலகை எழுதி வைத்துப் பயனில்லை. சறுக்குமரத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் அடர்த்தியான மரவரிசையும் போதுமான தூரமும் இருக்கும்படி மாஸ்டர் பிளானிலேயே வரைந்தால்தான் நடக்கும்.

பார்வையாளர் உள்ளே நடந்து போகும் பறவைக்கூடம் போன்றவை இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. சின்னக் கூண்டுக்குள் கிளியைத் திணிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பறவை மனிதரிடமிருந்து விலகிப் போய் உட்கார ஒரு மூலை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வரைபடங்களில் நடைபாதை நட்டநடுவே போகும், பறவைக்கு ஒதுங்க இடமிருக்காது.

கிண்டியில் கூண்டும் இல்லாத, பழுதும் ஆகாத காட்சிப்பொருள் ஒன்று உண்டு: சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானதாகச் சொல்லப்படும் கல்மரத் துண்டு. மரம் மண்ணில் புதைந்து, அதன் நாருக்குப் பதிலாகக் கனிமம் படிந்து கல்லாகிப் போனது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இப்படிப்பட்ட மரங்கள் கூட்டமாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்க்க ஒரு சின்னத் துண்டும், எப்படிக் கல்லானது என்று நான்கு வரியும் வைப்பதற்குக் கோடி வேண்டாம்.

புதரைச் 'சுத்தம்' செய்வது

சட்டத்தில் எங்குமே பிடிபடாத சேதம் ஒன்று உண்டு. என் கணிப்பில் அதுதான் மிகப் பெரியது.

எந்த அரசுக் கட்டுமானத்தின் எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தாலும் ஆரம்பத்திலேயே "முட்புதர் அகற்றி இடத்தைச் சுத்தம் செய்தல்" என்று ஒரு வரி இருக்கும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலையும் போட்டிருப்பார்கள். காலி மனைக்கு அது சரி. ஆனால் கிண்டியில் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பட்டையில் ஒரு காலத்தில் பரவியிருந்து, இப்போது சில கோயில் காடுகளிலும் இப்படிப்பட்ட துண்டுகளிலும் மட்டும் மிஞ்சியிருக்கும் காடு. இதில் வானுயர்ந்த மரங்கள் கிடையாது. களா, சூரை, காரை, குருந்து, ஊடே வெள்வேல், பனை. ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும் முள். ஒப்பந்ததாரரின் கண்ணுக்கு அது வெறும் புதர். காட்டின் சரக்கே அந்தப் புதர்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

முயலுக்கும் குள்ளநரிக்கும் அந்தப் புதரே வீடு. புள்ளிமான் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு மேயப் போவதும் அதற்குள்தான். களாப்பழத்தையும் சூரைப்பழத்தையும் தின்று விதையைப் பரப்பும் கொண்டைக்குருவிகளும் அங்கேயே கூடு கட்டுகின்றன. பொக்லைன் அரை நாளில் அதை வழித்துப் போட்டுவிடும். அந்த இடத்தில் கொரியன் புல் விரிப்பும், வரிசையாக அழகுச் செடியும், நடுவே "ஐ லவ்" என்று இதயக் குறி போட்ட எழுத்துப் பலகையும் வந்தால், ஒரு பறவை கூட்டம் கிளம்பிப் போனதை யாரும் கவனிக்கப் போவதில்லை. 'பசுமையாக்கினோம்' என்று அறிக்கையில்கூட எழுதலாம்.

இங்கே ஒரு பிரிப்பு தேவை. சீமைக் கருவேலம், உண்ணிச்செடி போன்ற வெளிநாட்டுச் செடிகளை எடுப்பது நல்லது, எடுக்கத்தான் வேண்டும். அதைக் கையால், செடி தெரிந்த ஆளை வைத்து எடுக்க வேண்டும். இயந்திரத்துக்குச் சூரையும் சீமைக் கருவேலமும் ஒன்றுதான்.

தரையிலும் இதே கதை. மண்பாதை மழையில் சேறாகிறது என்று பேவர் பிளாக் போடுவார்கள். மரத்தின் அடித்தூர் வரை ஒட்டிப் பதிப்பார்கள். வேருக்கு நீர் இறங்காது, காற்று போகாது. மூன்று நான்கு வருடத்தில் உச்சி காயும், அடுத்த புயலில் மரம் சாயும். சாய்ந்த மரத்தைப் பெயர்த்துப் பார்த்தால், பக்கவாட்டில் பரவ இடமில்லாத வேர் ஒரு பந்தாகச் சுருண்டிருக்கும். சக்கர நாற்காலி போவதற்கு ஒரு பாதை கெட்டியாக இருந்தாக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது கட்டாயம், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் அது வேண்டும். அந்த ஒரு சுற்றுப்பாதை போதும். மற்றவை மண்ணாகவே இருக்கலாம்.

விளக்கு இன்னொன்று. மாலையில் மூடிவிடும் பூங்காவுக்கு ஹை-மாஸ்ட் விளக்கு எதற்கு? பாதுகாப்புக்கு என்பார்கள். முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி, மஞ்சள் நிறத்தில் எரியும் விளக்கு காவலாளிக்குப் போதும். வேலிக்கு அப்பால் இரவில் இரை தேடும் மரநாய்க்கும் வௌவாலுக்கும் அந்த வெள்ளை வெளிச்சம் பகலை நீட்டித்துவிடுகிறது.

அப்புறம் தீனிக்கடை. கடை இருந்தால் பொட்டலம் இருக்கும், பொட்டலம் இருந்தால் குரங்கு வரும். ஒரு முறை சிப்ஸ் ருசி கண்ட குரங்கு அடுத்த வாரம் பிள்ளையின் கையிலிருந்தே பிடுங்கும். காற்றில் பறக்கும் உறை வேலியைத் தாண்டினால் மான் தின்னும். உப்புச் சுவை ஒட்டியிருப்பதால் விரும்பியே தின்னும். பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டி கட்டியாக இருந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் ஆலையிலேயே அடைத்து வரும் நொறுக்குத்தீனி உறை புழக்கத்தில்தான் இருக்கிறது. கடையை வாசலுக்கு வெளியே வைத்து, உள்ளே குடிநீர்க் குழாய் மட்டும் வைப்பது எளிமையான தீர்வு. கடை வாடகை போய்விடுமே என்பதுதான் தடை.

கட்டணம் ஏறினால் யார் வெளியே நிற்பார்கள்?

பல கோடி செலவழித்த பிறகு நுழைவுக் கட்டணம் ஏறுவது வழக்கம். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வசூலாகும் தொகை பூங்காவின் கணக்கிலேயே நின்று அதே பூங்காவுக்குச் செலவாகிறதா, இல்லை பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகிறதா? கலந்துவிடுமானால், கட்டணத்தை ஏற்றியதற்கும் ஊஞ்சல் பழுதுபார்க்கப்படுவதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, யார் வருகிறார்கள் என்பது. வேளச்சேரியிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து, தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டு பாட்டியோடு வரும் குடும்பத்துக்காகத்தான் இந்த இடம் முதலில் அர்த்தமுள்ளது. ஏ.சி. விளையாட்டு அரங்குக்கு ஒரு பிள்ளைக்கு நானூறு ஐந்நூறு கொடுக்க முடிந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்தால் கட்டணம் இல்லை என்ற ஒரு விதி, எந்த ஆர்ச்சையும் விட அதிகம் சாதிக்கும்.

தனியாரிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். கழிப்பறைச் சுத்தம், டிக்கெட், பார்க்கிங் போன்றவற்றை ஒப்பந்தத்தில் விடலாம், தவறில்லை. விளையாட்டுச் சாமானை வைத்த நிறுவனமே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுவதும் நல்லது. தரமில்லாத குழாயைப் போட்டால் துரு அவர்கள் தலையிலேயே விடியும். ஆனால் மொத்த இடத்தையும் வருமானப் பங்கு அடிப்படையில் கொடுத்தால், அவர்கள் கூட்டத்தைப் பெருக்கப் பார்ப்பார்கள். கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் வனத்துறையின் வேலை. அடுத்த வருடமே ஜிப்லைன் வரும், பிறந்தநாள் விழா மண்டபம் வரும், ஸ்பீக்கர் வரும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது

உங்கள் ஊர்க் காட்டுப் பூங்காவைப் புதுப்பிக்கும் அறிவிப்பு வந்தால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போட்டுக் கேட்க வேண்டியவை இவை.

1. நிலத்தின் வகையும் அறிவிக்கை எண்ணும். தேசியப் பூங்கா, காப்புக்காடு, வருவாய் நிலம் ஆகியவற்றில் எது? வரைபடத்தில் வேலி எங்கே போகிறது?

2. புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் கட்டடப் பரப்பு, பேவர் பிளாக் பதித்த பரப்பு.

3. எஸ்டிமேட்டில் புதர் அகற்றும் வரி இருக்கிறதா. இருந்தால் எத்தனை சதுர மீட்டர், எந்தச் செடிகள், இயந்திரமா ஆளா?

4. விலங்குகள் இருந்தால், மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒப்புதல் கொடுத்த மாஸ்டர் பிளானின் நகல்.

5. அடுத்த ஐந்து ஆண்டுக்கான பராமரிப்பு ஒதுக்கீடு, எந்தக் கணக்குத் தலைப்பில்.

பதில் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. மனுவை மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அதில் இல்லாத கூண்டோ கட்டடமோ தரையில் எழும்பியிருந்தால், புகார் போக வேண்டிய இடம் புது தில்லியில் இருக்கும் அந்த ஆணையத்தின் உறுப்பினர்-செயலர் அலுவலகம்.